டெர்பி கிளாஸ் சேர்க்கிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி குதிரைப் பந்தயத்துக்காக வருடந்தோறும் வரும் நினைவு டம்ளர்தான் டெர்பி கிளாஸ். முந்தைய வெற்றிக் குதிரைகளின் பெயர்ப் பட்டியல் அதில் பெரும்பாலும் அச்சாகியிருக்கும். நான் முதன்முதலாகத் தேடி வாங்கிய டெர்பி கிளாஸ் செக்ரடேரியட் என்ற குதிரைக்காக. 1973 கென்டக்கி டெர்பியை இரண்டு நிமிடத்துக்குள் ஓடி முடித்த குதிரை அது. அதன் பெயர் உள்ள கிளாஸ் வேண்டும் என்று 1973 ஆம் வருடத்து கிளாஸை வாங்கினேன். பெயர்ப் பட்டியலில் விரல் வைத்துக்கொண்டே வந்தால் கடைசிப் பெயர் ரிவா ரிட்ஜ், 1972.

காரணம் எளிது. லூயிவில் நகரின் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் பந்தயம் நடப்பது மே மாத முதல் சனிக்கிழமை. கிளாஸ் அதற்கு வெகு முன்பே அச்சாகிக் கடைக்கு வந்துவிடும். ஆகவே எந்த வருடத்து கிளாஸிலும் அந்த வருடத்து வெற்றியாளர் இருக்காது. செக்ரடேரியட் வேண்டுமென்றால் 1974 கிளாஸைத்தான் தேட வேண்டும். பிடித்த குதிரைக்காக வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

பட்டியலைப் படிக்காமல் வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. 'அச்சுப்பிழை உள்ள அபூர்வ கிளாஸ்' என்று விலையை ஏற்றிச் சொல்வார்கள். 2015 வெற்றியாளர் அமெரிக்கன் ஃபேரோவின் பெயரில் ஆங்கில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். அது கிளாஸின் பிழையல்ல, குதிரையின் பதிவுப் பெயரே அப்படித்தான். 2019இல் முதலில் வந்தது மேக்சிமம் செக்யூரிட்டி. அதைத் தகுதி நீக்கம் செய்து கன்ட்ரி ஹவுஸுக்கு வெற்றி கொடுத்தார்கள். பட்டியலில் கன்ட்ரி ஹவுஸ் இருப்பதுதான் சரி. உண்மையான பிழைகளும் இல்லாமல் இல்லை. 2003 கிளாஸில் 1932 வெற்றியாளர் பர்கூ கிங்குக்கு டிரிபிள் கிரவுன் (ஒரே வருடத்தில் டெர்பி உட்பட மூன்று பெரிய பந்தயங்களை வெல்வது) அடையாளம் போட்டுவிட்டு, 1937இல் மூன்று பந்தயங்களையும் வென்ற வார் அட்மிரலை விட்டுவிட்டார்கள். பர்கூ கிங் மூன்றாவது பந்தயமான பெல்மாண்டில் ஓடவே இல்லை. வெற்றியாளர் பட்டியல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தால் எது பிழை, எது பிழையில்லை என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

1938இல் தொடங்கிய இந்த வரிசையில் எல்லாம் கண்ணாடியாகவே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். 1940களின் முதல் பாதியில் அலுமினியத்திலும் பீட்டில்வேர் என்ற பிளாஸ்டிக்கிலும் டம்ளர்கள் வந்தன. 'இது டெர்பி கிளாஸே இல்லை' என்று அவற்றை ஒதுக்கிய பிறகு, அந்த வருடங்களின் இடத்தை நிரப்ப முடியாமல் வருந்துபவர்கள் உண்டு.

அண்மைக் காலத்து கிளாஸ்களை முதலீடு என்று பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்குவது வீண். அவை ஏராளமாக அச்சாகின்றன, வாங்கியவர்களும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிறகு விலை எப்படி ஏறும்?

இனிப் பராமரிப்பு. டிஷ்வாஷரில் போடவே போடாதீர்கள். அந்தச் சோப்பின் காரமும் சூடும் சேர்ந்து தங்கப் பூச்சைத் தின்றுவிடும், வண்ணங்கள் வெளுக்கும். ஒருமுறை போன பளபளப்பு திரும்பாது. வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, கை, பருத்தித் துணி போதும். விலைச் சீட்டின் பசையைக் கத்தியால் சுரண்டாமல் ஊறவைத்து எடுங்கள். ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி அடுக்கினால் இறுகிக்கொள்ளும், பிரிக்கும்போது விளிம்பு சில்லு பெயரும். வாங்கும்போதும் விளிம்பைக் கண்ணால் பார்ப்பதோடு நிற்காமல் விரல் நுனியால் மெதுவாகச் சுற்றித் தடவிப் பாருங்கள். படத்தில் தெரியாத உடைசல் விரலுக்குத் தெரியும். தொலைவிலிருந்து வாங்கினால் விளிம்பையும் அடிப்பாகத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

பழைய கிளாஸில் குடிப்பதும் வேண்டாம். அந்தக் காலத்து வண்ணப் பூச்சுகளில் ஈயம் சேர்ப்பது வழக்கமாக இருந்தது. டெர்பியின் பாரம்பரிய பானமான மின்ட் ஜூலெப் குடிக்க ஆசையென்றால் இந்த வருடத்து கிளாஸில் இரண்டு வாங்குங்கள். ஒன்று அலமாரிக்கு, மற்றது பொடித்த ஐஸுக்கும் புதினாவுக்கும் சர்க்கரைப் பாகுக்கும் போர்பன் விஸ்கிக்கும்.