சக் டெய்லர் ஷூ: வாங்கும்போதும் போடும்போதும் துவைக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணுக்கால் வரை ஏறும் கேன்வாஸ் துணி, விரல் முனையில் வெள்ளை ரப்பர், உட்பக்கம் நீல நட்சத்திரம் பதித்த வட்டமான பேட்ச். பெயர் தெரியாதவர்கள்கூட கன்வர்ஸ் சக் டெய்லர் ஆல் ஸ்டாரை எங்கோ பார்த்திருப்பார்கள். நூறு வருடங்களுக்கு மேலாகியும் அதன் உருவம் பெரிதாக மாறவில்லை. எனக்கு மிகவும் பிடித்த ஷூ இது. அதனால்தான், ஆசையாக வாங்கிவிட்டு ஒரே மாதத்தில் "கால் வலிக்கிறது", "மஞ்சளாகிவிட்டது" என்று மூலையில் போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. இது எந்தக் காலத்தில் எதற்காகச் செய்த ஷூ என்று தெரிந்தால் அந்தத் தவறுகளில் பாதி நடக்காது.

முதலில் பெயர். சக் டெய்லர்தான் இதை வடிவமைத்தார் என்று பலர் நினைக்கிறார்கள். மார்க்விஸ் மில்ஸ் கன்வர்ஸ் என்பவர் 1908-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், மால்டன் என்ற ஊரில் ரப்பர் காலணி கம்பெனி தொடங்கினார். அந்தக் கம்பெனி 1917-ல் கூடைப்பந்து ஆட்டக்காரர்களுக்காகக் கொண்டுவந்ததுதான் ஆல் ஸ்டார். அப்போது டெய்லர் இந்தியானாவில் பள்ளி மாணவர். 1921-ல் கம்பெனியில் விற்பனையாளராகச் சேர்ந்த அவர், அமெரிக்கா முழுக்கக் காரில் சுற்றினார். ஊர் ஊராகப் பள்ளி, கல்லூரி மைதானங்களில் மாணவர்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார், அப்படியே பயிற்சியாளர்களிடம் ஷூவையும் விற்றார். 1930-களில் அவருடைய கையெழுத்து பேட்சில் ஏறியது. பெரிய தொழில்முறை நட்சத்திரமாக இல்லாத ஒரு மனிதர், ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தே பெற்ற இடம் அது. இந்த ஷூவின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

அந்த பேட்ச் உட்பக்கம் இருப்பதைப் பார்த்து, இடது வலது மாறிவிட்டதோ என்று குழம்புகிறவர்கள் உண்டு. மாறவில்லை. கணுக்கால் வரை ஏறும் ஹை-டாப் வகையில் நட்சத்திரம் இரண்டு கணுக்கால்களுக்கும் உட்பக்கம்தான் வரும். பாதத்தின் உட்பக்க வளைவில் இருக்கும் இரண்டு சிறிய துளைகளும் காற்றுக்காக வைத்தவை, ஓட்டை அல்ல.

அடுத்தது, விளையாட்டு ஷூ என்றதும் ஓட எடுத்துக்கொள்வது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறையாகப் பதக்க விளையாட்டானபோது அமெரிக்க அணி இதைத்தான் போட்டது. 1962 மார்ச் 2 அன்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைன் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தபோது அவர் காலில் இருந்ததும் இதுவே. ஆனால் அன்றைக்குக் கிடைத்ததில் நல்லது இது, அவ்வளவுதான். 1969-ல் தோலில் செய்த அடிடாஸ் சூப்பர்ஸ்டார் வந்தது. அதன்பின் வந்த ஷூக்கள் குதிகாலைத் தாங்கும் மெத்தையில் முன்னே போய்விட்டன. 1970-கள் முடிவதற்குள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் கேன்வாஸை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். இதன் சோல் தட்டையான ரப்பர், உள்ளே மெத்தை மிகக் குறைவு. தினமும் கிலோமீட்டர் கணக்கில் ஓடினால் அடி முழுவதையும் குதிகாலும் முழங்காலும்தான் வாங்கும். ஆனால் ஜிம்மில் எடை தூக்குகிறவர்கள் இன்னும் இதைத் தேடிப் போடுகிறார்கள். அதே தட்டையான, அமுங்காத சோல் அங்கே கால் ஆடாமல் நிற்க உதவுகிறது.

சைஸில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரு முறை ஏமாறுகிறார்கள். மற்ற ஷூவில் எடுக்கும் அதே எண்ணை இதிலும் எடுத்தால் பெரும்பாலும் முன்னால் இடம் மிஞ்சும். அரை சைஸ் குறைத்துப் போட்டுப் பாருங்கள். அகலமான பாதம் இருந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். இதன் முன்பகுதி ஒடுக்கமானது. நீளம் சரியாக இருந்தும் சுண்டுவிரல் நெரிந்தால் ஒரு மாதம் கழித்தும் நெரியும். கேன்வாஸ் கொஞ்சம் இளகும், ஓரத்து ரப்பர் இளகாது.

வாங்கும் இடத்தில் இன்னொரு குழப்பம். 2013-ல் சக் 70 என்ற பதிப்பு வந்தது. பழைய காலத்து ஷூவைப் போலத் தடித்த கேன்வாஸ், பளபளப்பான தந்த நிற ரப்பர் விளிம்பு, உள்ளே கொஞ்சம் கூடுதல் மெத்தை, குதிகாலில் கறுப்பு லேபிள். சாதாரண ஆல் ஸ்டாரின் குதிகால் லேபிள் வெள்ளைப் பின்னணியில் இருக்கும். இது தெரியாமல், கறுப்பு லேபிளைப் பார்த்துப் போலி என்று திருப்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிறைய நடப்பவராக இருந்தால் நான் சக் 70-ஐத்தான் சொல்வேன். அதேபோல், புது ஜோடியில் "அமெரிக்காவில் செய்தது" என்ற அச்சு இல்லையே என்று சந்தேகப்படவும் தேவையில்லை. கம்பெனி 2001-ல் திவாலாகி அமெரிக்கத் தொழிற்சாலையை மூடிவிட்டது, 2003-ல் நைக்கி அதை வாங்கியது. அந்த அச்சுள்ள பழைய ஜோடியைச் சேகரிப்புக்கு வாங்கலாம். தினமும் போட வாங்கினால், பல வருடம் பெட்டியில் கிடந்து இறுகிய ரப்பர் வளையும் இடத்தில் விரிசல் விடலாம்.

சரி, இப்போது துவைப்பது. அதிகமான ஜோடிகள் இங்கேதான் போகின்றன. என்னுடைய முதல் வெள்ளை ஜோடியும் அப்படித்தான் போனது. நிறைய சோப்புத்தூள் போட்டு, கொஞ்சம் பிளீச்சும் ஊற்றி, அரைகுறையாக அலசி, உச்சிவெயிலில் காய வைத்தேன். மாலையில் விளிம்பெல்லாம் தேநீர் சிந்தியதுபோல மஞ்சள். துணிக்குள் தங்கிய சோப்பும் பிளீச்சும் ஈரம் வற்ற வற்ற மேலே ஏறி வந்து கறையாகப் படிகின்றன. வெயில் அதை இன்னும் அழுத்தமாக்குகிறது. வெள்ளை ரப்பரும் வெயிலில் தானாகவே மஞ்சளாகும்.

வாஷிங் மெஷினில் போடுவதும் வேண்டாம். இந்த ஷூவின் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கித் துணியோடு பிணைக்கிறார்கள். வல்கனைஸ் செய்வது என்று அதற்குப் பெயர். அந்தப் பிணைப்பு உறுதியானதுதான். ஆனால் மெஷினின் உலுக்கலையும் டிரையரின் சூட்டையும் மாதாமாதம் தாங்குவதற்காகச் செய்ததல்ல. உள்ளே பாதத்துக்கு அடியில் ஒட்டிய மெத்தை கழன்று வரும், விளிம்பு பிரியத் தொடங்கும்.

லேஸைக் கழற்றித் தனியே ஊற வையுங்கள். காய்ந்த மண்ணை முதலில் உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், ஈரத்தில் தேய்த்தால் அது துணிக்குள் இறங்கிவிடும். அப்புறம் குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். சோப்பு போடுவதற்கு ஆகும் நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும். கறுப்பு, சிவப்பு ஜோடிகளை வெள்ளையோடு ஒரே வாளியில் போடக் கூடாது. பேட்சை அழுத்தித் தேய்த்தால் கையெழுத்து மங்கும். வெள்ளை ஜோடி என்றால் ஈரமாக இருக்கும்போதே வெள்ளை டிஷ்யூ தாளை மேலே ஒட்டினாற்போல் சுற்றி, நிழலில் காற்றாட வையுங்கள். மேலே ஏறும் மஞ்சள் தாளில் படிந்துவிடும். தாளை எடுக்கும்போது அதை நீங்களே பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. அழுக்கும் கிழிசலும் இந்த ஷூவுக்கு அழகு என்று சொல்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் அடியைத் திருப்பிப் பாருங்கள். வைர வடிவக் கட்டங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டிருந்தால் ஈரத் தரையில் வழுக்கும். தைத்த தோல் ஷூவைப் போல இதன் சோலைப் பிரித்துப் புதிதாகப் போட முடியாது. அந்த ஜோடியை வீட்டு வாசலோடு நிறுத்திக்கொண்டு, வெளியே போக வேறொன்று வாங்குங்கள்.