மாடிஃபை செய்த ஸ்போர்ட்ஸ் காரை மலையில் உட்கார்ந்துகொண்டு விற்பது எப்படி

மாடிஃபிகேஷனுக்குப் போட்ட காசு திரும்ப வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் மனசு இதை ஏற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆனது, அந்த ஆறு மாதமும் ஊட்டி பக்கத்து லவ்டேல் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் சீட் லெதர் பூசணம் பிடித்ததுதான் மிச்சம். வண்டி 2016 ஆடி டிடி. கம்பெனியிலிருந்து வரும்போது 230 குதிரைத்திறன். ஸ்டேஜ் 2 ட்யூன் (என்ஜின் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றுவது), டர்போ காற்றைக் குளிர்விக்கிற பெரிய இன்டர்கூலர், டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாயான டவுன்பைப், உயரத்தை மாற்றக்கூடிய காயிலோவர் சஸ்பென்ஷன் எல்லாம் போட்ட பிறகு கோயம்புத்தூரில் டைனோவில், அதாவது குதிரைத்திறனை அளக்கும் மெஷினில், ஏற்றியபோது 300-ஐத் தொட்டது. மொத்தச் செலவை இங்கே எழுதமாட்டேன், வீட்டிலும் இதைப் படிப்பார்கள்.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: வண்டியை ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி கொடுத்த நிலைக்கு, திருப்பி ஒரு ஆளுக்கு விற்க வேண்டும், பார்ட்ஸை வேறு ஆட்களுக்கு விற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாக வாங்குகிறவன் வருவான் என்று காத்திருந்தால், வருகிறவன் ஸ்டாக் வண்டி விலையைவிடக் குறைவாகத்தான் கேட்பான். "ட்யூன் பண்ணின வண்டி, எப்படி அடிச்சு ஓட்டியிருப்பீங்களோ" என்பான். அவன் கேட்பதிலும் தப்பில்லை. அதே காயிலோவரையும் வீலையும் கழற்றித் தனியாகப் போட்டால் அதைத் தேடிக்கொண்டிருக்கிற ஒருத்தன் மறுநாளே கூப்பிடுகிறான்.

திருப்புவதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாத டவுன்பைப், காது கிழிக்கிற சைலன்சர், வேறு கலர், இவற்றோடு வண்டியைக் கை மாற்றினால் வாங்குகிறவன் தலையில் ஒரு பிரச்சினையைக் கட்டிவிடுகிறீர்கள் என்று அர்த்தம். இன்ஷூரன்ஸும் அப்படித்தான். பாலிசியில் எழுதாத மாற்றம் இருந்தால் கிளெய்ம் நேரத்தில் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

அதனால் கழற்றிய ஒரிஜினல் பார்ட்ஸைத் தூக்கி எறிந்திருக்கக் கூடாது. என்னுடைய ஸ்பிரிங், டேம்பர், ஏர் ஃபில்டர் பெட்டி, கன்வெர்ட்டரோடு கூடிய பழைய டவுன்பைப் எல்லாம் தேயிலைச் சாக்கில் சுற்றிப் பரணில் கிடந்தன. அம்மா இரண்டு முறை பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டார், இரண்டு முறையும் நான் வீட்டில் இருந்தது என் நல்ல நேரம். உங்களிடம் இல்லையென்றால், அதே மாடலை இப்போது மாடிஃபை செய்துகொண்டிருப்பவரைப் பிடியுங்கள், அவருக்கு அந்த ஸ்டாக் பார்ட்ஸ் இடைஞ்சலாகத்தான் இருக்கும், மலிவாகக் கொடுப்பார்.

ட்யூனை எடுத்துவிட்டு கம்பெனியின் ஒரிஜினல் புரோகிராமை ஏற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று சொல்லும் மெக்கானிக்கை நம்பாதீர்கள். ஆடியும் சேர்ந்த ஃபோக்ஸ்வேகன் குழும வண்டிகளில் சர்வீஸ் சென்டர் ஸ்கேனர் போட்டு, ட்யூன் செய்த வண்டி என்று கண்டுபிடித்துவிட்டால் கம்பெனி சிஸ்டத்தில் TD1 என்று ஒரு குறி விழும், அப்புறம் அது போகாது. ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள். எந்த வருஷம் ட்யூன், எத்தனை கிலோமீட்டர் அதில் ஓடியது, எந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டீர்கள், கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றியது, எல்லாம் பில்லோடு ஒரு ஃபைலில் இருக்கட்டும். பளபளவென்று பாலிஷ் போட்ட வண்டியைவிட இந்த ஃபைல்தான் விலையைத் தாங்கிப் பிடிக்கும். என்னுடைய ஃபைலில் இரண்டு ஆயில் சேஞ்ச் பில் காணவில்லை, அதைப் பிடித்துக்கொண்டே ஒருவர் கணிசமாகக் குறைத்துக் கேட்டார்.

டைனோ ஷீட் காட்டுவதாக இருந்தால் அது எந்த ஊரில் எடுத்தது என்றும் சொல்லுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். டர்போ இல்லாத வண்டி இங்கே நன்றாகவே மூச்சு வாங்கும், டர்போ வண்டி சமாளித்துவிடும், ஆனால் என்ஜினுக்குள் அதே காற்றழுத்தத்தைத் தர டர்போ கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். கீழே இருந்து வருகிறவர் சாரிங்கிராஸ் தாண்டி ஒரு மிதி மிதித்துவிட்டு "300 மாதிரி தெரியலையே" என்றால் கோபப்படாதீர்கள், விளக்கிச் சொல்லுங்கள். முடிந்தால் வண்டியை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கி அங்கேயே ஓட்டிப் பார்க்கச் சொல்வது இன்னும் நல்லது.

இங்கேயே ஆள் தேடாதீர்கள். ஆல்டோவும் பொலிரோவும் கை மாறுகிற ஊர் இது, நம்மூர் புரோக்கரிடம் டிடியைக் காட்டினால் முதல் கேள்வியே "மைலேஜ் என்ன வரும்?" என்றுதான். வாங்குகிறவர்கள் கோயம்புத்தூரில், பெங்களூரில், கொச்சியில் இருக்கிறார்கள், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே நடக்கும்போது போய் நின்றாலே நாலு பேர் கிடைப்பார்கள். ஆனால் வருகிறவருக்கு வழியையும் நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ், 2025 சீசனில் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. ஆகவே செவ்வாய், புதன் பார்த்து வரச் சொல்லுங்கள். பெங்களூர் ஆள் முதுமலை வழியாக வந்தால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் செக்போஸ்ட்டில் நின்று உங்களைத்தான் திட்டுவார்.

வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்காதீர்கள். கடைசியில் வாங்கிய கோயம்புத்தூர் பையன் ஜனவரியில் காலை ஏழு மணிக்கே வந்தான், புல்லில் உறைபனி இன்னும் வெள்ளையாக இருந்தது. வணக்கம்கூடச் சொல்லவில்லை, நேராகப் போய் உள்ளங்கையை பானெட் மேல் வைத்தான். "ஸ்டார்ட் பண்ணீங்களாங்ணா?" "இல்ல தம்பி, நேத்து சாயங்காலம் நிறுத்தினது." பானெட்டைத் திறந்து வைத்து என்னைச் சாவி போடச் சொன்னான், இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டான், அப்புறம் பின்னால் போய் சைலன்சர் முனையில் விரலை விட்டு எடுத்துக் கரியைப் பார்த்தான். அதற்கு மேல் அவனிடம் நான் பேசி விற்க ஒன்றுமே இருக்கவில்லை.

டெஸ்ட் டிரைவில் முதலில் நீங்கள் ஓட்டுங்கள், என்ஜின் சூடான பிறகு அவரிடம் கொடுங்கள், லைசென்ஸைப் போட்டோ எடுத்துக்கொள்ளாமல் சாவி கொடுக்க வேண்டாம். கல்லட்டி மலைப்பாதை பக்கம் போகவே போகாதீர்கள், 36 கொண்டை ஊசி வளைவில் பழகாத கையும் பழகாத பிரேக்கும் சேர்ந்தால் அது விற்பனை ஆகாது, வேறு ஏதாவது ஆகும்.

பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஓனர் பெயரை மாற்றும் ஃபாரம் 29, 30-இல் கையெழுத்து. வெற்றுப் படிவத்தில் போட்டுக் கொடுக்காதீர்கள். இதற்கு முன் ஒரு வண்டியை அப்படித்தான் கொடுத்தேன், எட்டு மாதம் கழித்து எங்கோ ஓவர்ஸ்பீடு போனதற்கெல்லாம் என் போனுக்கு அபராத மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. அபராதமாவது போகட்டும். விபத்து நடந்தால், ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் சட்டப்படி ஓனர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். நம்பர் நம்ம நீலகிரியின் டிஎன் 43 ஆகவே தொடரும். கர்நாடகாவுக்கோ கேரளாவுக்கோ போகிறது என்றால் ஃபாரம் 28-இல் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும், அங்கே அவர் புதிதாக லைஃப் டாக்ஸ் கட்ட வேண்டும், அந்தத் தொகையை உங்கள் விலையில்தான் கழிப்பார். லோன் இருந்தது என்றால் அதை ஆர்.சி.யிலிருந்து நீக்க ஃபாரம் 35-உம் பேங்க் என்.ஓ.சி.யும் வேண்டும். நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது, இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் சர்டிஃபிகேட் கேட்டு வாங்கி அடுத்த வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாவி கொடுக்கும் அன்றைக்கே ஃபாஸ்டேக்கை ரத்து செய்யுங்கள், நான் மறந்து அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் டோல் என் கணக்கில் போனது. ஒரு மாதம் கழித்து அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு ஓனர் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள், மாறவில்லை என்றால் மாறும்வரை தினமும் போன் போடுங்கள். என் பார்ட்ஸில் எல்லாம் போய்விட்டது, கன்வெர்ட்டர் இல்லாத அந்த டவுன்பைப் மட்டும் அதே தேயிலைச் சாக்கில் பரணில் கிடக்கிறது. அதற்கு மட்டும் இரும்புக்காரன்தான்.