நார்ச்சத்துக்கு டப்பா பவுடர் எதற்கு, களி கிண்டுங்கள்

மலச்சிக்கல் என்றதும் மெடிக்கலில் நார்ச்சத்துப் பவுடர் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, குடியாத்தம் ஊர்ப்பக்கத்துப் பெரியவர்கள் தினமும் தின்ற கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் நார் இருக்கிறது, தீட்டிய அரிசியில் 3 கிராம்கூட இல்லை. 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாளைக்கு 30 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்.

நாரும் பெரும்பாலும் கார்போஹைட்ரேட்தான், ஆனால் அதை வெட்டும் நொதி நம் சிறுகுடலில் கிடையாது, அதனால் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் ஒரு பகுதியைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முக்கிய எரிபொருள். மிச்சம் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மலத்தை இளக்கும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முதல் வாரம் ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள். எடுத்த எடுப்பில் மூன்று வேளையும் மாற்றினால் வயிறு உப்பி, வெறுத்துப்போய் விட்டுவிடுவீர்கள்.

அந்த வேளைக்குக் களி. கால் டம்ளர் நொய்யை மூன்று டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவிட்டு, ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டி, கிளறாமல் மூடி, சிறு தீயில் ஐந்து நிமிடம் விடுங்கள். அப்புறம் துடுப்பால் கட்டியில்லாமல் கிண்டுங்கள். ஈரவிரலால் தொட்டால் ஒட்டக்கூடாது, ஒட்டினால் இன்னும் வேகவேண்டும். இறக்கி ஈரக்கையால் உருட்டுங்கள். மாவை மட்டும் சலிக்காதீர்கள், சல்லடையில் நிற்கிற தவிட்டில்தான் நார் அதிகம்.

அடுத்த வாரம் குழம்பு. காராமணியோ மொச்சையோ இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், வாயுவைக் கிளப்பும் ராஃபினோஸ் என்ற சர்க்கரை கொஞ்சம் அதோடு போய்விடும். உழவர் சந்தையில் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் (2023-ல் புவிசார் குறியீடு பெற்றது) விடாதீர்கள், தோலோடு போடுங்கள்.

பழைய சோறும் நல்லதுதான். சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் இறுகி, செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. ஆனால் அந்த அளவு சிறிது, அதை மட்டும் நம்பவேண்டாம்.

நார் கூடக்கூடத் தண்ணீரும் கூடவேண்டும், வேலூர் வெயிலுக்கு இது ரொம்ப முக்கியம், தண்ணீர் குறைந்தால் மலம் இன்னும் இறுகும். சர்க்கரை உள்ளவர்கள் களியை அளவோடு சாப்பிடுங்கள், அதிலும் மாவுச்சத்து நிறையவே உண்டு. குடலில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், மலத்தில் ரத்தம் பார்த்தவர்கள் இதையெல்லாம் தொடங்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.