மூன்று மாதம் காடியை நிறுத்திவிட்டுப் போகிறீர்களா? செய்யக் கூடாத தவறுகள்

மகளின் பிரசவத்துக்கு மெல்பர்ன் போய் மூன்று மாதம் கழித்து கோலாலம்பூர் செந்தூலுக்குத் திரும்பினேன். காடிக் கதவைத் திறந்ததும், ஊறப்போட்டு மறந்த துணியின் வாடை. ஸ்டீரிங், கியர், சீட் பெல்ட் எல்லாம் திருநீறு பூசினாற்போல் பூஞ்சை. கை படும் இடங்களில்தான் அதிகம்; நம் வியர்வையும் பிசுக்கும்தானே அதற்குச் சாப்பாடு. சீட்டுக்கு அடியில் கோயில் பிரசாதப் பொட்டலம் ஒன்று வேறு கிடந்தது. அது என் மனைவியின் கணக்கு.

குளிர் நாட்டுக்காரர்களுக்குப் பனிக்கட்டிதான் கவலை. நமக்கு ஈரம். அதனால் கிளம்புமுன் உள்ளே துடைத்து, நன்றாகக் காயவிட்டு, மிதியடி, குடை, ஈரத்துண்டு எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். கடைசி ஓட்டத்தில் வீடு சேர பத்து நிமிடம் இருக்கும்போதே ஏர்கோனின் குளிரை நிறுத்திவிட்டு, காற்றை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே தேங்கிய ஈரம் காய்ந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் விற்கும் ஈரம் உறிஞ்சும் டப்பாவும் உதவும். ஆனால் அதில் சேரும் உப்புத் தண்ணீர் கொட்டினால் இரும்பை அரித்துவிடும். சமமான இடத்தில் வையுங்கள்.

திறந்தவெளியில் நிறுத்துபவர்கள் மலிவான பிளாஸ்டிக் உறையைப் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டுப் போவார்கள். மழை விட்டு வெயில் அடித்ததும் உறைக்குள் இட்லிச் சட்டிதான். காற்றில் உறை ஆட ஆட, அடியில் இருக்கும் தூசி பெயிண்டைத் தேய்க்கும். கூரைக்கு அடியில் என்றால், காற்றுப் போகும் துணி உறை பரவாயில்லை.

அடுத்தது நல்லெண்ணத்தில் நடக்கும் தவறு. பக்கத்து வீட்டுப் பையனிடம் சாவியைக் கொடுத்து, “தம்பி, வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுப்பா” என்போம். நானும் சொன்னேன். பெட்ரோல் எரியும்போது தண்ணீரும் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் புகைக்குழாயிலும் எஞ்சின் ஆயிலிலும் தங்கிவிடும். ஸ்டார்ட் செய்ய பேட்டரி இழந்த சக்தியும் அதற்குள் முழுதாகத் திரும்பாது. தம்பி அரை மணி நேரம் டியூக் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் பலன் உண்டு. அப்படியானால் உங்கள் காப்புறுதி அவரை ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்ட ஆள் இல்லையா, தொடாமலே இருக்கட்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டால் அலாரமும் மற்றவையும் சக்தியை உறிஞ்சாது. அதற்கு முன், ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புச் சாவியை எடுத்து, கதவு அதில் திறக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி செத்த காடிக்கு ரிமோட் வேலை செய்யாது.

காடியைக் கழுவிய கையோடு ஹேண்ட்பிரேக் இழுத்து நிறுத்தாதீர்கள். ஈரத்தில் பிரேக் துருவேறி ஒட்டிக்கொள்ளும். ஒரு சுற்று ஓட்டி பிரேக்கைக் காயவைத்து, சமதரையில் பி-யில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள். டயருக்குக் காற்றைக் கொஞ்சம் கூட்டியே அடியுங்கள். ஒரே இடத்தில் நின்று தட்டையாவது குறையும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் உச்ச அளவை மட்டும் தாண்டாதீர்கள். பெட்ரோல் டேங்கை நிரப்பி வைப்பது நல்லது. டீசல் காடிக்கு இது இன்னும் முக்கியம். நம் டீசலில் கலந்திருக்கும் செம்பனை பயோடீசல் ஈரத்தைச் சுலபமாக இழுக்கும்.

“ஓடாத காடிக்கு எதற்கு இன்சூரன்ஸ்?” என்று மிச்சம் பிடிக்க நினைப்பவர்களும் உண்டு. கீழ்த்தள பார்க்கிங்கில் நிற்கும் காடியும் வெள்ளத்தில் முழுகும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடாவில் பார்த்தோமே. முழுக் காப்புறுதி இருந்தாலும் பொதுவாக வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். நீங்கள் இல்லாத நாளில் சாலை வரி முடிகிறதா என்றும் பாருங்கள்.

திரும்பி வந்ததும் நேராக ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் பானட்டைத் திறந்து பாருங்கள். என் காடியில் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கை நிறைய வேர்க்கடலைத் தோல் இருந்தது. “எலி வாடகைக்கு இருந்திருக்கு ஐயா” என்றார் ஃபோர்மேன், கடித்துப் போட்ட வயரைக் கையில் பிடித்தபடி.