சாறு ஓடாத பீச் கிரம்பிள்: முதன்முறை பேக் செய்பவர்களுக்கு

பேக்கிங்கை எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் கேக்கைச் சொல்வதில்லை. முட்டையை எவ்வளவு அடிப்பது, மாவை எந்த அளவோடு கலப்பதை நிறுத்துவது, உப்பி வந்தது நடுவில் அமுங்கிவிடுமா என்று கேக்கில் ஆயிரம் கவலை. கிரம்பிளில் அவை எதுவும் கிடையாது. அடியில் பழம், மேலே வெண்ணெயோடு பிசிறிய மாவு, முக்கால் மணி நேரம் ஓவன். முட்டை, பேக்கிங் பவுடர், பீட்டர், பூரிக்கட்டை எதுவும் தேவையில்லை.

ஒரே ஒரு சிக்கல் உண்டு. பீச்சின் எடையில் கிட்டத்தட்ட பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். சூடு பட்டதும் அது வெளியே வரப் பார்க்கும். அதைக் கட்டுப்படுத்தாவிட்டால் அடியில் சாறு தேங்கி, மேலே உள்ள மாவு ஊறிச் சொதசொதவென்று ஆகிவிடும். கீழே வரும் படிகளில் ‘இதையெல்லாம் எதற்குச் செய்ய வேண்டும்?’ என்று தோன்றினால், பெரும்பாலும் பதில் இந்தச் சாறுதான்.

தேவையானவை (6 பேருக்கு)

பழக் கலவைக்கு:
பீச் – 1 கிலோ (நடுத்தர அளவில் 6 அல்லது 7)
சர்க்கரை – 60 கிராம் (சுமார் 5 மேசைக்கரண்டி)
எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
கார்ன்ஃப்ளார் – 2 மேசைக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை

மேல் மாவுக்கு:
மைதா – 120 கிராம் (1 கப்)
ஓட்ஸ் – 45 கிராம் (அரை கப்)
பிரவுன் சுகர் – 80 கிராம்
குளிர்ந்த வெண்ணெய் – 100 கிராம்
பட்டைத் தூள் – அரை தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி (உப்புப் போட்ட வெண்ணெய் என்றால் வேண்டாம்)

பாத்திரம்: 20 சென்டிமீட்டர் சதுரம், 5 சென்டிமீட்டர் ஆழம். கண்ணாடி, பீங்கான், உலோகம் எதுவானாலும் சரி. கண்ணாடிப் பாத்திரத்தை மட்டும் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே சூடான ஓவனுக்குள் வைக்காதீர்கள், வெடிக்கலாம்.

பழம் தேர்ந்தெடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்

சிவப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். அந்தச் சிவப்பு பெரும்பாலும் ரகத்தையும், பழத்தின்மேல் எவ்வளவு வெயில் பட்டது என்பதையும் பொறுத்தது; பழுத்ததற்கு அது அடையாளம் அல்ல. சிவப்பு இல்லாத இடத்தில், முக்கியமாகக் காம்பைச் சுற்றி என்ன நிறம் என்று பாருங்கள். அங்கே பச்சை தெரிந்தால் சீக்கிரமே பறித்த காய். மஞ்சளாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருந்தால் நல்லது. அப்புறம் முகர்ந்து பாருங்கள். வாசனையே இல்லாத பீச், ஓவனுக்குள் போனாலும் வாசனை தராது.

பறித்த பிறகும் பீச் பழுக்கும். மென்மையாகும், மணம் கூடும். ஆனால் இனிப்பு பெரிதாக ஏறாது. மரத்தில் இருந்தபோது சேர்ந்த இனிப்புதான் கணக்கு. கொஞ்சம் கெட்டியான பழம்தான் கிடைத்தது என்றால் காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, ஓரிரு நாள் வெளியிலேயே வையுங்கள். பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு பைக்குள் தங்கி, பழுப்பதைத் துரிதப்படுத்தும். பழுக்காத பீச்சைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் பல நாள் கிடந்த பழம் சாறு வற்றி, வாயில் மாவு மாவாக இருக்கும். அதை எந்தச் செய்முறையாலும் சரிசெய்ய முடியாது. நன்றாகப் பழுத்த பிறகு ஓரிரு நாள் உள்ளே வைப்பதில் தவறில்லை.

இந்த இனிப்புக்கு, கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கும் பழம் போதும். குழைந்து போனவற்றை அப்படியே சாப்பிட்டுவிடுங்கள்.

பீச்சில் கொட்டை எளிதில் கழன்று வருவது ஒரு வகை, சதையோடு ஒட்டிக்கொண்டே இருப்பது இன்னொரு வகை. முதல் வகை கிடைத்தால் வேலை பாதி மிச்சம். மஞ்சள் சதையா வெள்ளைச் சதையா என்றால் நான் மஞ்சளையே எடுப்பேன். அதில் புளிப்பு கூடுதலாக இருப்பதால் பேக் செய்த பிறகும் சுவை தட்டையாகாது. வெள்ளைதான் கிடைத்தது என்றால் சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள். நெக்டரினும் தாராளமாகப் போடலாம். அதுவும் பீச் இனமே, தோலில் சுணை இல்லாத வகை. தோல் உரிக்கும் வேலையும் இருக்காது.

தோல் உரித்து, நறுக்கி, ஊறவைத்தல்

ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள். இன்னொன்றில் ஐஸ் தண்ணீர். ஒவ்வொரு பழத்தின் அடியிலும் கத்தி நுனியால் தோலில் மட்டும் படும்படி ஒரு பெருக்கல் குறி கீறி, கொதிநீரில் 30 முதல் 60 வினாடி விட்டு எடுத்து, உடனே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். கீறிய இடத்தில் தோல் சுருண்டிருக்கும். பிடித்து இழுத்தால் வந்துவிடும். வரவில்லையா? பழம் இன்னும் பழுக்கவில்லை என்று அர்த்தம். மறுபடி மறுபடி கொதிநீரில் போட்டால் வெளிச்சதை வெந்துவிடும், கத்தியால் சீவிவிடுங்கள்.

பழத்தில் இருக்கும் வரிப்பள்ளத்தின் வழியே கொட்டை வரை சுற்றிலும் வெட்டி, இரு பாதியையும் எதிரெதிர்த் திசையில் திருகினால் பிரிந்துவிடும். ஒட்டுக்கொட்டை என்றால் திருகாமல் சுற்றிலும் செதுக்கி எடுங்கள். துண்டுகள் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் தடிமன் இருக்கட்டும். மெல்லியதாக நறுக்கினால் வெந்து கூழாகிவிடும். கொட்டைகளைக் குப்பையில் போட்டுவிடுங்கள். உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் உள்ள அமிக்டலின் வயிற்றுக்குள் போனதும் சயனைடை வெளிவிடும்.

துண்டுகளில் சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, உப்பு சேர்த்துக் குலுக்கி அரை மணி நேரம் விடுங்கள். எலுமிச்சை, பழம் கறுப்பதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை, பழத்துக்குள் இருக்கும் நீரை வெளியே இழுக்கும். ஓவனுக்குள் போய் வெளிவரப்போகும் சாற்றில் ஒரு பகுதியை இப்போதே வெளியே எடுத்துவிடுகிறோம். எலுமிச்சையைக் கூடுதலாகப் பிழிய வேண்டாம். அளவுக்கு மீறிய புளிப்பு, கார்ன்ஃப்ளாரைக் கெட்டிப்பட விடாது.

மேல் மாவு

பழம் ஊறும் நேரத்தில் இதை முடித்துவிடலாம். மைதா, ஓட்ஸ், பிரவுன் சுகர், பட்டை, உப்பு எல்லாவற்றையும் அகலமான பாத்திரத்தில் கலந்து, சிறு துண்டுகளாக நறுக்கிய குளிர்ந்த வெண்ணெயைப் போடுங்கள். விரல் நுனிகளால் வெண்ணெயை மாவோடு தேய்த்துத் தேய்த்துப் பிசிறுங்கள். உள்ளங்கையைப் பயன்படுத்தாதீர்கள், அதன் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும். உருகினால் மாவு அதைக் குடித்துக் களியாகி, பேக் செய்த பிறகு ஓடு போல ஒரே பாளமாக இறுகும்.

எல்லாம் உதிரியானதும் நிறுத்திவிடாதீர்கள். கைப்பிடியாக அள்ளி லேசாக இறுக்கிப் பிடித்து, பட்டாணி அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் உடைத்துப் போடுங்கள். கட்டிகள் மொறுமொறுப்பைக் கொடுக்கும், தூள் அவற்றின் இடுக்குகளை நிரப்பும். இரண்டும் கலந்திருக்க வேண்டும். பிசிறிய மாவை ஃப்ரீசரில் 10 நிமிடம் வைத்துவிடுங்கள்.

பட்டையை அரை தேக்கரண்டிக்கு மேல் ஏற்றாதீர்கள். ஆப்பிள் தாங்கும், பீச் தாங்காது. பட்டை வாசனைதான் மேலே நிற்கும். மாற்றாக இரண்டே சொட்டு பாதாம் எசன்ஸைப் பழத்தில் சேர்த்துப் பாருங்கள். பீச்சும் பாதாமும் ஒரே பேரினம், இரண்டின் மணமும் அழகாக ஒத்துப்போகும்.

சேர்த்து பேக் செய்தல்

ஓவனை 190 டிகிரி செல்சியஸில் சூடாக்க வையுங்கள். காற்றாடி ஓடும் ஓவன் என்றால் 175 போதும்.

அரை மணி நேரம் ஊறிய பழத்தை வடிகட்டுங்கள். கீழே சேர்ந்த சாற்றில் கால் கப் மட்டும் எடுத்து, அதில் கார்ன்ஃப்ளாரைக் கட்டியில்லாமல் கரைத்துப் பழத்தின் மேல் ஊற்றிப் புரட்டுங்கள். மிச்சச் சாற்றைக் குளிர்ந்த சோடாவில் கலந்து குடித்துவிடலாம். ‘இவ்வளவு சாற்றையும் விட்டுவிடுவதா?’ என்று மனசு கேட்காது. கேட்காவிட்டாலும் ஊற்றாதீர்கள். ஓவனுக்குள் பழம் இன்னும் நிறையச் சாறு விடும்.

பழத்தைப் பாத்திரத்தில் பரப்பி, மேலே மாவைத் தூவுங்கள். அழுத்திவிட வேண்டாம். கீழிருந்து கிளம்பும் ஆவி வெளியேற வழி வேண்டும், இல்லாவிட்டால் மாவின் அடிப்பக்கம் வேகாமல் ஊறிப்போகும். பாத்திரத்தை ஒரு தட்டின் மேல் வைத்து, ஓவனின் நடுத்தட்டில் வையுங்கள். வழியும் சர்க்கரைச் சாறு ஓவன் அடியில் கருகினால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

40 முதல் 45 நிமிடம் ஆகும். ஆனால் கடிகாரத்தைவிடக் குமிழிகளை நம்புங்கள். ஓரங்களில் முதலில் குமிழி வரும். அது போதாது. பாத்திரத்தின் நடுவிலும் மாவின் இடுக்குகள் வழியே கெட்டியான குமிழிகள் மெதுவாக எழ வேண்டும். கார்ன்ஃப்ளார் முழுதாகக் கெட்டிப்பட ஏறத்தாழ 95 டிகிரி சூடு தேவை. நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டியதற்குக் குமிழிதான் சாட்சி. மேலே சிவந்துவிட்டது என்று முன்னதாகவே எடுத்துவிட்டால் சாறு தண்ணீராக இருக்கும், மாவு வாடையும் அடிக்கும். நிறம் சீக்கிரம் ஏறினால் ஃபாயில் தாளை மேலே தளர்வாகப் போட்டுவிட்டு பேக் செய்வதைத் தொடருங்கள்.

வெளியே எடுத்ததும் பார்த்தால் சாறு இன்னும் ஓடுவது போலத்தான் இருக்கும். குறைந்தது 30 நிமிடம் தொடாதீர்கள். ஆற ஆறத்தான் கெட்டிப்படும். இளஞ்சூட்டில், பக்கத்தில் ஒரு கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோடு பரிமாறுங்கள். பீச்சும் வெனிலா ஐஸ்கிரீமும் சேர்வது பழைய ஜோடிதான்: 1890களில் லண்டன் சவாய் ஹோட்டலில் சமையல் கலைஞர் எஸ்கோஃபியே, பாடகி நெல்லி மெல்பாவுக்காக உருவாக்கிய பீச் மெல்பாவில் இவைதான் அடிப்படை. பின்னால் அவர் அதில் ராஸ்பெரிக் கூழையும் சேர்த்தார். அந்த யோசனை இங்கும் செல்லும்; ஒரு கைப்பிடி ராஸ்பெரியைப் பழக் கலவையில் போடலாம்.

புதுப் பழம் கிடைக்காவிட்டால்

டின்னில் வரும் பீச் ஏற்கெனவே வெந்தது. பாகை முழுவதும் வடித்து, துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுங்கள். ஊறவைக்கத் தேவையில்லை. சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி போதும். கார்ன்ஃப்ளாரை வடித்த பாகில் கால் கப் எடுத்துக் கரைத்துக்கொள்ளுங்கள். உறையவைத்த பீச் என்றால் முழுக்க உருகவிட்டு, அந்த நீரை வடித்துவிட்டு, மேலே சொன்னபடியே செய்யலாம். என்னைக் கேட்டால், வாசனையில்லாத புதுப் பழத்தைவிட நல்ல உறைந்த பழமே மேல்.

மிச்சம் இருந்தால் மூடி, குளிர்சாதனப் பெட்டியில் 3 நாள் வைக்கலாம். மாவின் மொறுமொறுப்பு அடங்கிவிடும். மறுபடி வேண்டுமென்றால், உலோகப் பாத்திரமோ வெளியே வைத்துக் குளிர் போன கண்ணாடியோ, 170 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் சூடாகும், மொறுமொறுப்பு வராது.