ஒரே மாதிரி தெரியும் லிக்விட் கூலர்களில் எதை எடுப்பது? சேலம் வெயிலுக்கு ஒரு செய்முறை

கடையில் "240 லிக்விட் கூலர் எது இருக்கு அண்ணா?" என்று கேட்டால் (240, 280, 360 எல்லாம் ரேடியேட்டரின் அளவு) மேசைக்கு நான்கு பெட்டிகள் வரும். நான்கிலும் கருப்பு ரேடியேட்டர், இரண்டு ஃபேன், இரண்டு குழாய், ஒரு பம்ப். விலை மட்டும் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்கும். முதல் தடவை கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர் இங்கேதான் குழம்பிப்போய், விளக்கு எதில் அழகாக எரிகிறதோ அதை வாங்கி வந்துவிடுகிறார். நான் சொல்லப்போகும் வரிசை வேறு. முதலில் உங்கள் ப்ராசசர், அப்புறம் உங்கள் அறை, அப்புறம் கேபினெட். கூலர் பெட்டியைத் திருப்பிப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.

தொழிற்சாலையிலேயே திரவம் நிரப்பி மூடி வரும் ஏஐஓ வகையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். ப்ராசசர் மேல் உட்காரும் செம்புத் தகடு சூட்டை வாங்கித் திரவத்துக்குக் கொடுக்கும். பம்ப் அந்தத் திரவத்தைக் குழாய் வழியாக ரேடியேட்டருக்கு அனுப்பும். ஃபேன் காற்றடித்து அந்தச் சூட்டை வெளியே தள்ளும். வெளியே என்றால் உங்கள் அறைக்குள். இந்த ஒரு விஷயம் புரிந்தால் மீதி எல்லாம் சுலபம்.

முதல் படி: ப்ராசசர் எத்தனை வாட் இழுக்கிறது?

ப்ராசசரின் பெயரைத் தயாரிப்பாளர் தளத்தில் தேடி, இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று அடிப்படை வாட், இன்னொன்று உச்ச வாட். இன்டெல் கோர் ஐ5-12400 என்றால் 65, 117. ஐ7-14700கே என்றால் 125, 253. ஏஎம்டியில் பெட்டியில் போட்டிருக்கும் 65 வாட் ப்ராசசர், ரைசன் 5 7600 மாதிரி, உச்சத்தில் 88 வாட் வரை போகும். ரைசன் 9 7950எக்ஸ் 170 வாட் என்று எழுதப்பட்டது, 230 வரை இழுக்கும்.

உங்கள் ப்ராசசர் முதல் வகை என்றால், அதாவது ஐ5-12400, ரைசன் 5 7600 போன்றவை என்றால், லிக்விட் கூலரே வேண்டாம். டீப்கூல் ஏகே400 அல்லது தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போன்ற காற்றுக் கூலர் தாராளமாகப் போதும். இரண்டுமே 155 மி.மீ. உயரம், கேபினெட்டில் அந்த இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் பம்ப் இல்லை, திரவம் இல்லை; கெட்டுப்போகக் கூடியது ஃபேன் ஒன்றுதான், அதை எந்தக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம். மிச்சமாகும் பணத்தை எஸ்எஸ்டியிலோ ராமிலோ போடுங்கள். கல்யாண வீடியோ எடிட்டிங், முப்பரிமாண ரெண்டரிங், நீண்ட நேரம் எல்லாக் கோர்களும் ஓடும் வேலை என்று 150 வாட்டுக்கு மேல் மணிக்கணக்கில் இழுப்பவர்களுக்குத்தான் அடுத்த படிகள்.

இரண்டாம் படி: உங்கள் அறை எவ்வளவு சூடு?

விமர்சன வீடியோக்களில் காட்டும் டிகிரி, பெரும்பாலும் ஏசி அறையில் 21 முதல் 25 டிகிரிக்குள் எடுத்தது. எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் கீழே இறக்காது. அதனால் "எத்தனை டிகிரி" என்று பார்க்காமல் "அறையைவிட எத்தனை டிகிரி கூட" என்று பாருங்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு கூலர் உங்கள் ப்ராசசரை அறை வெப்பத்தைவிட 45 டிகிரி கூடுதலாக வைத்திருக்கிறது என்று வையுங்கள். 24 டிகிரி ஏசி அறையில் அது 69. மாம்பழ சீசனில், மே மாதத்துப் பிற்பகலில், சேலத்து மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை 37 டிகிரி இருந்தால் அதே கூலர் 82 காட்டும். கூலர் மோசமாகிவிடவில்லை, அறைதான் மாறியிருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஏற்காடு போனால், 20 டிகிரி அறையில் அதே கூலர் 65 காட்டும்.

ஏற்காட்டுக்காரர்களுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்று சேலத்தைவிட 10 சதவீதம் அளவுக்கு லேசானது. ஃபேன் தள்ளும் காற்று சூட்டைக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுத்துச் செல்லும். ஆனால் மலைக் குளிர்ச்சி அந்த இழப்பை ஈடுகட்டி, மேலும் மிச்சம் வைக்கும். சேலத்தில் 360 வேண்டியிருக்கிற இடத்தில் அங்கே 240 போதலாம். இன்னொன்று, பனிமூட்டம் வீட்டுக்குள் நுழைகிற ஊரில் குழாயில் நீர் வியர்த்து மதர்போர்டில் சொட்டுமா என்ற பயம் இருக்கும். சொட்டாது. குளிர்ந்த பாட்டில் வியர்ப்பது அது காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால்தான். ஓடும் கூலரின் திரவம் அறைக் காற்றைவிடக் குளிராவதில்லை.

ஏசி இல்லாத சேலத்து அறைக்குக் கூலரைவிட முதலில் செய்ய வேண்டிய இலவச வேலை ஒன்று இருக்கிறது. பயாஸில், அதாவது மதர்போர்டின் அமைப்புப் பக்கத்தில் போய் வாட் வரம்பைக் குறையுங்கள். ஏஎம்டியில் ஈகோ மோடு என்றே இருக்கும், இன்டெல்லில் பவர் லிமிட். 7950எக்ஸ் போன்றவற்றில் வேகம் குறைவது சிறிதளவுதான், சூடு குறைவதோ நன்றாகவே தெரியும். சித்திரை வைகாசிக்கு மட்டும் இப்படி வைத்துவிட்டு, ஐப்பசி மழையில் பழையபடி மாற்றிக்கொள்ளலாம்.

ரைசன் 7000 வரிசையில் பெரிய ப்ராசசர் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். முழு வேலையில் 95 டிகிரி வரை போய் நிற்கும்படிதான் ஏஎம்டி அவற்றை வடிவமைத்தது. கூலர் பெரிதானால் டிகிரி குறையாமல், வேகம் கூடலாம். ஆகவே இரண்டு கூலரை ஒப்பிடும்போது அங்கே டிகிரியை விட்டுவிட்டு வேகத்தைப் பாருங்கள்.

மூன்றாம் படி: ஸ்கேல் எடுத்துக் கேபினெட்டை அளந்து பாருங்கள்

240 என்பது 120 மி.மீ. ஃபேன் இரண்டு. 280 என்பது 140 மி.மீ. ஃபேன் இரண்டு. 360 என்பது 120 மி.மீ. ஃபேன் மூன்று. பரப்பைப் பெருக்கிப் பார்த்தால் 280 ரேடியேட்டர், 240ஐவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரியது. 280க்கும் 360க்கும் வித்தியாசம் பத்தில் ஒரு பங்குதான். கேபினெட் இடம் கொடுத்தால் 280 நல்ல பேரம். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தமும் குறையும். ஆனால் விலை குறைந்த கேபினெட்டுகள் பலவற்றில் 280க்கு அகலம் கிடையாது.

எண்ணை நம்பி வாங்காதீர்கள். 240 ரேடியேட்டரின் உண்மையான நீளம் 275 மி.மீ.யைத் தாண்டும், 360 என்றால் 395க்குப் பக்கத்தில் வரும். தடிமனும் முக்கியம். வழக்கமான ரேடியேட்டர் 27, ஃபேன் 25, ஆக 52 மி.மீ. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 வரிசையில் ரேடியேட்டரே 38 மி.மீ., ஃபேனோடு 63. கேபினெட்டின் கூரையிலிருந்து மதர்போர்டின் மேல் விளிம்பு வரை அளந்து, ராம் உயரமாக இருந்தால் அதையும் சேர்த்துப் பாருங்கள். முன்பக்கம் மாட்டுவதென்றால் கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கேபினெட்டில் இருக்கும் இடத்திலிருந்து அந்த 52ஓ 63ஓ கழியும். பலர் கார்டு வாங்கிய பிறகுதான் இதை உணர்கிறார்கள்.

நான்காம் படி: இப்போதுதான் நான்கு பெட்டிகள்

பெயர்களைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி மயக்கம் தீரும். கோர்சேரில் ஹெச்100ஐ என்றால் 240, ஹெச்115ஐ 280, ஹெச்150ஐ 360. என்இசட்எக்ஸ்டி கிராக்கனில் 53 என்று முடிந்தால் 240, 63 என்றால் 280, 73 என்றால் 360. டீப்கூலில் எல்எஸ்520 என்பது 240, எல்எஸ்720 என்பது 360. பெட்டியில் பெரிதாக 520 என்று பார்த்து அது பெரிய ரேடியேட்டர் என்று எண்ணிவிடக் கூடாது.

உள்ளே இருக்கும் பம்பும் பல நேரம் உறவுக்காரர்தான். டென்மார்க்கின் ஆசெடெக் நிறுவனம் பல பிராண்டுகளுக்குப் பம்ப் செய்து கொடுத்தது. கிராக்கன் எக்ஸ்53, இசட்53 இரண்டிலும் அதே 7ஆம் தலைமுறை ஆசெடெக் பம்ப். இசட் வரிசைக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுப்பது முக்கியமாகப் பம்ப் மேல் உள்ள சிறு திரைக்காக. திரை பிடித்திருந்தால் வாங்குங்கள், தப்பில்லை. குளிர்ச்சிக்காக என்று நினைத்து வாங்காதீர்கள்.

ஒரே அளவு, ஒரே தடிமன் கொண்ட நல்ல கூலர்களுக்கு இடையே வித்தியாசம் சில டிகிரிதான். அந்தச் சில டிகிரியும் பெரும்பாலும் ஃபேன் வேகத்திலிருந்து வரும். இங்கே நான் மிகவும் வற்புறுத்துவது, இரண்டு கூலரை ஒப்பிடும்போது ஒரே சத்த அளவில் ஒப்பிட்ட விமர்சனத்தைத் தேடுங்கள் என்பது. 2400 ஆர்.பி.எம்.மில் அலறும் ஃபேன் 1500 ஆர்.பி.எம்.மில் ஓடும் ஃபேனை வெல்வதில் ஆச்சரியமில்லை. இரவு பத்து மணிக்குப் பக்கத்து அறையில் அம்மா தூங்கும்போது உங்களால் எந்த வேகத்தில் ஓட்ட முடியும் என்பதே கேள்வி. ஃபேன் விவரத்தில் சிஎஃப்எம் (நிமிடத்துக்குத் தள்ளும் காற்றின் அளவு) எண்ணோடு ஸ்டாட்டிக் பிரஷர் எண்ணையும் பாருங்கள். ரேடியேட்டரின் நெருக்கமான இடுக்குகளில் காற்றைத் தள்ள இந்த அழுத்தம்தான் உதவும்.

ஐந்தாம் படி: சாக்கெட், பின்கள்

சாக்கெட், அதாவது மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம், கூலருக்குப் பொருந்துகிறதா என்று பெட்டியில் பாருங்கள். இன்டெல்லின் எல்ஜிஏ1700 சாக்கெட்டுக்கான மாட்டும் பாகம் எல்ஜிஏ1851க்கும் பொருந்தும். விளக்கு இணைப்பில் கவனம் தேவை: மூன்று பின் ஏஆர்ஜிபி 5 வோல்ட், நான்கு பின் ஆர்ஜிபி 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கை 12 வோல்ட்டில் செருகினால் அது கருகிப்போகும். சில கூலர்களுக்கு மதர்போர்டில் உள் யுஎஸ்பி 2.0 இணைப்பும் வேண்டும், காலியாக ஒன்று இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வாரண்டியைக் கேட்டு வாங்குங்கள்

லிக்விட் கூலர் என்றென்றைக்கும் ஓடும் பொருள் இல்லை. குழாயின் வழியே திரவம் வருடக்கணக்கில் மிக மெதுவாகக் குறையும், பம்பும் தேயும். அதனால் இரண்டு கூலர் மற்ற எல்லாவற்றிலும் சமம் என்றால் வாரண்டி நீளமானதை எடுங்கள். 2 வருடத்திலிருந்து 6 வருடம் வரை சந்தையில் இருக்கிறது. கடையில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தியாவில் வாரண்டி செல்லுமா? கெட்டால் சேலத்திலேயே வாங்கிக்கொள்வார்களா, இல்லை கோவைக்கோ சென்னைக்கோ அனுப்ப வேண்டுமா? பில்லில் சீரியல் எண் போட்டுத் தருவீர்களா? சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய் குறைவு என்று வாங்கிவந்து, பிறகு பஸ் ஏறி அலைவதைவிட, ஐந்து ரோட்டுப் பக்கம் தெரிந்த கடையில் முறையான பில்லோடு வாங்குவதையே நான் சொல்வேன்.

ஏழாம் படி: மாட்டுவதும் பராமரிப்பதும்

செம்புத் தகட்டின் மேலுள்ள பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டீர்களா என்று பாருங்கள். தெர்மல் பேஸ்ட் முன்பே பூசியிருந்தால் மேலும் பூச வேண்டாம். திருகுகளை ஒரே மூலையில் இறுக்கி முடிக்காமல், குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

ரேடியேட்டரின் மேல் பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே எப்போதும் கொஞ்சம் காற்று இருக்கும், அது உயரமான இடத்தில் போய்த் தங்கும். அந்த இடம் பம்பாக இருந்தால் சலசல என்று சத்தம் வரும், பம்பின் ஆயுளும் குறையும். கூரையில் மாட்டினால் இந்தக் கவலையே இல்லை.

பம்ப் வயரை மதர்போர்டில் ஏஐஓ பம்ப் என்று எழுதிய இடத்தில் செருகி, பயாஸில் முழு வேகத்தில் வையுங்கள். ஃபேன்களை சிபியு ஃபேன் இடத்தில் செருகுங்கள். அது காலியாக இருந்தால் பல மதர்போர்டுகள் பூட் ஆகும்போதே பிழை காட்டும்.

சோதனையை இரண்டு நிமிடத்தில் முடிக்காதீர்கள். திரவம் முழுதாகச் சூடாக நேரம் எடுக்கும். குறைந்தது அரை மணி நேரம் உங்கள் உண்மையான வேலையை, ஒரு நீளமான வீடியோ ரெண்டரையோ மற்றதையோ, ஓடவிட்டுப் பிறகு டிகிரியைக் குறியுங்கள். பக்கத்திலேயே அறை வெப்பத்தையும் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வேலையில் வித்தியாசம் கூடியிருந்தால் தூசியைச் சந்தேகிக்கலாம்.

தூசி சேலத்தில் பெரிய விஷயம். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி பக்கம் விசைத்தறிக்கு அருகில் வீடு என்றால் பஞ்சுத் துகள் ரேடியேட்டர் இடுக்கில் மெத்தை மாதிரி படிந்துவிடும். கேபினெட்டில் கழற்றிக் கழுவக்கூடிய வலை இருக்கட்டும், மாதம் ஒருமுறை அதைத் தட்டுங்கள். ரேடியேட்டரை ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் வேகமாகச் சுற்றினால் ஃபேன் கெடலாம். பட்டறை உள்ள வீடுகளில் தரையில் வைக்காமல் மேசைமேல் வைத்தாலே படிவது குறையும்.

திரவம் குறைந்துவிட்டது போல் தெரிந்தால் திறந்து மேட்டூர்த் தண்ணீரோ ஆர்ஓ தண்ணீரோ ஊற்றாதீர்கள். உள்ளே செம்பும் அலுமினியமும் சேர்ந்திருக்கின்றன. அரிக்காமல் இருக்க மருந்து கலந்த திரவம் அது. வெறும் தண்ணீர் அரிப்பைத் தொடங்கிவைக்கும், திறந்த உடனே வாரண்டியும் போய்விடும். வாரண்டிக்குள் என்றால் பில்லோடு கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். வாரண்டி முடிந்து, பம்ப் சத்தமும் கூடி, டிகிரியும் ஏறியிருந்தால் புதிதாக மாற்றிவிடுங்கள். இந்த முறை முதல் படியிலிருந்து வாட் கணக்கைப் பார்த்தால், உங்களுக்குக் காற்றுக் கூலரே போதும் என்றுகூடத் தெரியவரலாம்.