பட்டாம்பூச்சி பஞ்ச் இறுகிப்போனபோது

அக்காவின் மகளுக்குப் பிறந்தநாள் கார்ட் செய்யத் தொடங்கிய அன்றுதான் என் பட்டாம்பூச்சி பஞ்ச் மக்கர் பண்ணியது. தாளைப் பட்டாம்பூச்சி வடிவில் வெட்டியெடுக்கும் சின்னக் கருவி அது. கொழும்பு புறக்கோட்டையில் ஆசையாகத் தேடி வாங்கியது. அழுத்தினால் கைப்பிடி மேலே வரவேயில்லை. இழுத்து எடுத்துப் பார்த்தால், ஒரு பக்க இறக்கை நார்நாராகக் கிழிந்து தாளோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பிழை பஞ்சில் இல்லை. நான் வைத்தது பிரிஸ்டல் போட் என்ற தடித்த அட்டை. அதோடு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு அருகில் வீடு. மழை நாட்களில் தாள் ஈரத்தை இழுத்துத் தளர்ந்துவிடும். தளர்ந்த தாளைக் கத்தி வெட்டாது, மென்றுதான் துப்பும்.

சிக்கிய துண்டைப் பல்குத்தும் குச்சியால் மெல்லத் தள்ளி எடுத்தேன். ஊசி வேண்டாம், விளிம்பில் கீறல் விழும். பிறகு சமையலறை அலுமினியத் தாளை நாலாக மடித்து, பத்துப் பதினைந்து தரம் வெட்டினேன். வெட்டுவாயின் பிசிறு போய்க் கூர்மை திரும்பியது. அடுத்து மெழுகுத்தாளில் சில தரம் வெட்ட, கைப்பிடி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தாளில் கறை படிந்தால் போகவே போகாது.

இப்போது தாள்களை மூடியிறுக்கிய டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன். பஞ்சைத் தலைகீழாகப் பிடித்தே வெட்டுகிறேன். இறக்கை எங்கே விழும் என்று கண்ணுக்கு நேரே தெரியும். உடலை மட்டும் ஒட்டி, இறக்கைகளை விரலால் சற்றே மேலே மடித்துவிட்டேன். பிள்ளை கார்டைத் திறந்ததும் முதலில் தொட்டுப் பார்த்தது அதைத்தான்.